பல்லுக் கட்டப் போகிற திருமலை ஆட்கள் ஒருக்கால் வாசியுங்கோ

கோபம் அடங்குவதற்கு முதலே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 135,000 ரூபாய். ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து எடுத்த காசு. போனது எங்கள் டவுனில் உள்ள ஒரு தனியார் பல் கிளினிக்கில். பெயர் போட மாட்டேன், வழக்கு அது இதென்று அலைய எனக்குத் தெம்பில்லை.

இடப்பக்கம் கீழே ஒரு கடைவாய்ப் பல்லு போன வருஷம் பிடுங்கினது. சனிக்கிழமைகளில் மட்டும் வெளியூரிலிருந்து வருகிற டொக்டர் பார்த்துவிட்டு, பிரிட்ஜ் போடலாம் என்றார். பிரிட்ஜ் என்றால் இல்லாத பல்லோடு வேலை முடியாது, இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் சுற்றிவரச் சீவி முளை மாதிரி ஆக்கி, மூன்று பல்லும் ஒன்றாக இருக்கிற உறையை மேலே ஒட்டுவார்கள். பல்லுக்கு 45,000, மூன்றுக்கும் 135,000. முழுக்கச் சேர்கோனியா, பீங்கான் மாதிரி வெள்ளைச் சாமான், உள்ளே உலோகமே கிடையாது, பல் முரசுக் கரையில் கறுப்புக் கோடு விழாது என்றார். நான் தயங்குவதைக் கண்டதும் மாஸ்க்கை இறக்கிவிட்டு, “அக்கா, உங்கட சொந்தத் தம்பி செய்யிற மாதிரி நினையுங்கோ, பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரத் தேவையில்லை” என்றார்.

அந்த ‘அக்கா’வில்தான் விழுந்தேன். எக்ஸ்ரே எடுக்காமலே சீவத் தொடங்கினார், கேட்கத் தோன்றவில்லை. தற்காலிக உறைகூடப் போடாமல் வீட்டுக்கு அனுப்பினார், அச்சுப் போய் உறை வரும்வரை இரண்டு கிழமை பச்சைத் தண்ணி பட்டாலே கண்ணால் நீர் வடிந்தது, அப்போதும் கேட்கவில்லை. துண்டில் ‘பல் சிகிச்சை 135,000’ என்று மட்டும் எழுதித் தந்தார்கள். அதையும் மடித்து வைத்துவிட்டேன், மடைச்சி.

ஐந்து மாதம். போன ஞாயிறு மகன் பாலைப்பழம் வாங்கி வந்தான். மூன்றாவது பழம், அந்தப் பசையில் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டது, வாயைத் திறந்தால் பிரிட்ஜ் முழுதாகக் கழன்று நாக்கில் கிடக்கிறது. கழுவித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் பழைய அலுமினியச் சட்டியின் அடி மாதிரிச் சாம்பல் நிறம்! சேர்கோனியா உள்ளேயும் வெள்ளையாகத்தான் இருக்கும். இது உலோகத்துக்கு மேல் பீங்கான் ஏற்றினது. அது கூடாத சாமான் இல்லை, எத்தனையோ பேர் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் விலை குறைந்தது, நான் 135,000 கட்டினது அதற்கில்லை.

திங்கள் போன் எடுத்தேன், டொக்டர் கொழும்பில் என்றாள் கிளினிக்கில் வேலை செய்கிற பிள்ளை. செவ்வாய், உறை செய்கிற லாப்காரர் பிழை விட்டிருப்பார்கள் என்றாள். புதன் நேரில் போனேன், துண்டைக் காட்டினேன், “இதில சேர்கோனியா எண்டு எங்க இருக்கு மிஸ்?” என்று கேட்டாள். பாலைப்பழம் தின்றது என் பிழையாம். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை.

நேற்று வேறொரு பல் டொக்டரிடம் காட்டினேன். சீவின ஒரு முளை உள்ளால் பழுதாகிவிட்டதாம், வேர்ச் சிகிச்சை செய்யவேண்டும். காசை எப்படியோ உழைத்துவிடலாம். ஒரு சொத்தையும் இல்லாமல் இருந்த இரண்டு பல்லு, இனி ஆயுசுக்கும் உறை இல்லாமல் இருக்க முடியாது.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: சீவுவதற்கு முதல் எக்ஸ்ரே கேளுங்கள். என்ன சாமான், எத்தனை பல்லு, எத்தனை வருஷ உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டில் எழுதாமல் சதமும் கொடுக்காதீர்கள். ஒட்டுவதற்கு முதல் உறையைக் கையில் வாங்கி உள்பக்கத்தைப் பாருங்கள். டொக்டரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள், நான் இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறேன்.

பல்லு விண் விண்ணென்று தெறிக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை, பிரிட்ஜைச் சித்தாலேப டப்பாவுக்குள் போட்டு வைத்திருக்கிறேன், கொண்டுபோய் அவருடைய மேசையில் வைப்பேன்.