கழுகுமலையா, திருச்செந்தூர்ச் சாலையா? நெல்லையிலிருந்து ஒரு நாள் பயணம்

விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளைகளுக்கோ, வெளியூரிலிருந்து வந்த விருந்தினருக்கோ பழமையான ஓரிடத்தைக் காட்ட ஒரு நாள் கிடைக்குமானால், நெல்லையப்பர் கோயிலுக்கு அடுத்தபடியாகத் திருநெல்வேலி வீடுகளில் பெரும்பாலும் இரண்டு யோசனைகள் எழுகின்றன. வடக்கே கழுகுமலைக்குச் செல்வது ஒன்று; கிழக்கே திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரத்தையும் ஆதிச்சநல்லூரையும் சேர்த்துப் பார்ப்பது மற்றொன்று. இவற்றுள் எதைத் தேர்வது என்பதைத் தொலைவை வைத்தே பலர் முடிவு செய்கின்றனர். நான் முதலில் கணக்கில் எடுப்பது தொலைவை அன்று, நடுப்பகலை. பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எங்கே இருப்பது என்பதற்கு விடை கிடைத்துவிட்டால் பயணத்தின் மற்ற ஏற்பாடுகள் தாமாகவே அமைந்துவிடும்.

கழுகுமலைக்குச் சொந்த வண்டியில் செல்வோர் நான்குவழிச் சாலையில் கயத்தாறு வரை சென்று, அங்கிருந்து பிரியும் சாலையைப் பிடித்தால் சுமார் 60 கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் கயத்தாறு என்பதால் அங்குள்ள நினைவிடத்தில் சற்று நேரம் நிற்க விரும்புவோரும் உண்டு. பேருந்தில் செல்வோர் கோவில்பட்டியிலோ சங்கரன்கோவிலிலோ இறங்கி வேறு பேருந்து மாற வேண்டும். தொலைவு கூடுவதோடு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிருஷ்ணாபுரமோ நகரிலிருந்து 13 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருச்செந்தூர் செல்லும் பேருந்துகள் அவ்வழியே போவதால் போக்குவரத்து ஒரு பொருட்டே அன்று. ஆதிச்சநல்லூர் அதே சாலையில் ஏறத்தாழ அவ்வளவு தொலைவு மேலும் கிழக்கே உள்ளது.

கழுகுமலையில் காண வேண்டியவை மூன்று என்றாலும், பயணத்தின் காரணம் வெட்டுவான் கோயிலே. மலைப்பாறையின் ஒரு பகுதியை மூன்று பக்கமும் அகழ்ந்து நடுவில் எஞ்சிய ஒற்றைக் கல்லைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்த பாண்டியர் காலத்துப் படைப்பு இது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலோடு இதை ஒப்பிடும் வழக்கம் உண்டு. அளவில் இது மிகச் சிறியது, வேலைப்பாட்டின் நுணுக்கத்தில் அப்படிச் சொல்ல இயலாது. மேற்பகுதி மெருகேறி நிற்க, கீழ்ப்பகுதி உளி பட்ட கரடாகவே விடப்பட்டிருக்கிறது. வேலை ஏன் நின்றது என்பதற்குத் தந்தையும் மகனும் போட்டியிட்ட கதையொன்றை ஊரார் சொல்வார்கள். கதையை விடவும் அந்த முடிவுபெறாமையே பார்வையாளருக்குப் பெரும் பயன் தருகிறது என்பேன். முழுமையடைந்த கோயிலில் ஒருபோதும் காண முடியாத வேலைமுறை இங்கே கண்முன் திறந்து கிடக்கிறது. விமானத்தின் தென்புறத்தில் அமர்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி வழக்கமான சின்முத்திரையோடு அல்லாமல் மிருதங்கம் வாசிப்பவராகக் காட்டப்பட்டிருக்கிறார். உமையோடு அமர்ந்த சிவனையும், பூதகணங்களின் முகங்களில் ஓடும் குறும்பையும் பார்த்துத் தீர்ப்பதற்கு ஒரு மணி நேரம் போதாது.

அதே மலையில், பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுகின்றனர். அது பெரும் இழப்பு. பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் சமணக் காவல் தெய்வமான அம்பிகை இயக்கி ஆகியோரின் பெரிய புடைப்புச் சிற்பங்களோடு, சிறு தீர்த்தங்கரர் உருவங்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில், அந்த உருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊரார், யாருடைய மாணாக்கர் என்பது பொறிக்கப்பட்டுள்ளது. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களின் மாணவியரும் அக்கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெண்கள் கற்பித்த ஓரிடத்தில் நிற்கிறோம் என்பதை உடன் வரும் பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் நம் வட்டாரத்தில் இல்லை. மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில் இருக்கிறது. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன் மீதுதான்.

இத்தனை வளம் இருந்தும் கழுகுமலைக்கு ஒரு குறை உண்டு. மேலே நிழல் குறைவு. பங்குனி, சித்திரையில் பதினொரு மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். முதியோரும் சிறு குழந்தைகளும் அதைத் தாங்கமாட்டார்கள். ஆகவே விடியலில் புறப்பட்டு, மலைக்கு அனுமதிக்கும் நேரம் தொடங்கியதும் ஏறி, வெயில் முற்றுமுன் இறங்கிவிட வேண்டும். நடை சாத்துமுன் முருகனையும் தரிசித்துவிட்டால், நடுப்பகலைக் கோவில்பட்டியில் சாப்பாட்டுக்கும் கடலைமிட்டாய் வாங்குவதற்கும் ஒதுக்கலாம். மாலையில் பாரதி பிறந்த எட்டயபுரம் சென்று திரும்புவது பயண வழிக்கும் முரண்படாது. பங்குனி உத்திரத் திருவிழா நாட்களில் மட்டும் சிற்பம் பார்க்கும் எண்ணத்தோடு அங்கே போக வேண்டாம்.

கிருஷ்ணாபுரத்தில் நேரம் வேறு விதமாகக் கட்டுப்படுத்துகிறது. வெங்கடாசலபதி கோயில் வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் எழுந்த இக்கோயிலின் மண்டபத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள் ஒரே கல்லில் தூணோடு தூணாக நிற்கின்றன. இளவரசியைத் தோளில் சுமந்து ஓடும் குறவன், அரசகுமாரனைத் தூக்கிச் செல்லும் குறத்தி, பீமனும் புருஷாமிருகமும், கரும்பு வில்லேந்திய மன்மதன், ரதி, வீரபத்திரர், கர்ணன், அர்ச்சுனன் என ஒவ்வொன்றும் தனிக்கதை. விரல் நகமும் நரம்பு முறுக்கும் தெரியும் அளவுக்குச் செதுக்கிய கைத்திறனை யாரும் மறுக்க முடியாது. எனினும் என் ரசனைக்கு இங்குள்ள சிற்பி தன் திறமையைக் காட்டிக்கொள்வதில் சற்று அதிக ஆர்வம் கொண்டவர்; வெட்டுவான் கோயிலின் சிற்பியிடம் அந்த அவசரம் தெரியவில்லை. இதில் என்னோடு முரண்படுவோர் நெல்லையில் ஏராளம்.

ஆதிச்சநல்லூரைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளாமல் போகக்கூடாது. அங்கே கோபுரமோ சிற்பமோ கிடையாது. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரிந்த பறம்பு; அதன் அடியில் இறந்தோரைப் புதைத்த பெரிய மண்கலங்களான முதுமக்கள் தாழிகள். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே அகழ்ந்தார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலன்கள், இரும்புக் கருவிகள் எனக் கண்டெடுத்தார். ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்கும், ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சென்றுவிட்டன. நெடுங்காலம் இங்கே வந்தவர்கள் செம்மண் மேட்டைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பியதற்கு அதுவே காரணம். 2023 ஆகஸ்டில் அகழ்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை கிடந்த நிலையிலேயே காணும்படி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. கிருஷ்ணாபுரத்தைப் போல நண்பகலில் நடை சாத்தும் இடமும் அன்று. எனவே காலையில் கிருஷ்ணாபுரம், நடை சாத்தியதும் ஆதிச்சநல்லூர் என்ற வரிசையே பொருந்தும். மாற்றிச் சென்றால் பூட்டிய கோயில் வாசலில் உட்கார நேரும். கோடையாக இருந்தால் அந்தச் சாலையில் நுங்கும் பதநீரும் கிடைக்கும்.

திருப்புடைமருதூரையும் இந்தப் பட்டியலில் சிலர் சேர்ப்பர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் உள்ள மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் அரியவைதாம். ஆனால் மேலே ஏறிப் பார்க்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருப்பதால், திடீரெனப் புறப்படும் குடும்பத்துக்கு அது ஏற்றதன்று.

முழு நாள் கையில் இருந்து, உடன் வருபவர்கள் படியேறக் கூடியவர்களாக இருந்தால் கழுகுமலையையே தேர்வேன். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வந்தால், அல்லது இரவு ரயிலைப் பிடிக்க மாலைக்குள் ஜங்ஷன் திரும்ப வேண்டியிருந்தால், திருச்செந்தூர்ச் சாலையே தகுந்தது. கிருஷ்ணாபுரத்தை மட்டுமே பார்ப்பதாக இருந்தால் அதற்கென ஒரு நாளைச் செலவிட வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் மாலைக் காப்பியை முடித்துவிட்டுப் புறப்பட்டாலும் சிற்பங்களைப் பார்த்து இரவு உணவுக்கு வீடு திரும்பிவிடலாம்.