இருபது ரூபாயில் ஒரு நாள்: அம்மா உணவகத்துக்கு ஒரு மாணவனின் ரிவ்யூ

அம்மா உணவகத்துக்கெல்லாமா ரிவ்யூ என்று என் ரூம்மேட் சிரித்தான். நூற்றைம்பது ரூபாய் காபிக்கு நாலு பாரா எழுதுகிறார்கள், ஒரு ரூபாய் இட்லிக்கு எழுதினால் என்ன? எட்டு மாதமாகக் கிட்டத்தட்ட தினமும் சாப்பிடுகிறேன், எழுதும் தகுதி வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஏன் இவ்வளவு புகழ்கிறான் என்று தோன்றும். ஊர் திருவண்ணாமலைப் பக்கம், படிப்பது சென்னையில், இருப்பது திருவல்லிக்கேணி மேன்ஷன் (ஆண்கள் தங்கும் விடுதி) ஒன்றில் மூன்று பேர் சேர்ந்த அறை. வீட்டிலிருந்து மாதம் 5000 வரும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1000 வரும் (2024 ஆகஸ்டில் தொடங்கியது, பெண்களுக்கு இதே தொகை புதுமைப் பெண் என்ற பெயரில் 2022 முதலே வருகிறது). ஆக 6000. அறை வாடகையில் என் பங்கு 2800 போனால் மிச்சம் 3200. முதல் வருடம் இந்த 3200-ஐ வைத்துக்கொண்டு நான் செய்த புத்திசாலித்தனம், தெருமுனை மெஸ் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்கு மாத கார்டு போட்டது. ஒரு சாப்பாடு 90, முப்பது நாளைக்கு 2700, முன்பணமாக. சாப்பாடு அருமை, அதில் பொய் சொல்ல மாட்டேன், வத்தக்குழம்பு நாளில் இரண்டு முறை சாதம் வாங்குவேன். ஆனால் காலைக்கும் ராத்திரிக்கும் சேர்த்துக் கையில் இருந்தது 500. பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, சாப்பிடாத நாளைக் கழித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றால், "கார்டுன்னா அப்படித்தான் தம்பி" என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஏழு சாப்பாடு, 630 ரூபாய், போச்சு.

அந்த மாதம்தான் ஒரு லோன் ஆப்பில் விழுந்தேன். கேட்டது 3000, கணக்கில் ஏறியது 2200, மிச்சம் ஏதோ பிராசஸிங் கட்டணமாம், ஏழாம் நாள் முழு 3000-உம் கட்ட வேண்டும். எட்டாம் நாள் காலையில் என் பிளஸ் டூ கணக்கு வாத்தியாருக்கு போன் போயிருக்கிறது, உங்கள் மாணவன் பணத்தை ஏமாற்றிவிட்டான் என்று. போனில் இருந்த எல்லா நம்பரையும் எடுத்து வைத்திருந்தார்கள். கடன் ஆப்கள் இப்படி கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது, அது எனக்கு அப்புறம்தான் தெரியும். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம் என்பதும் அப்புறம்தான் தெரியும். அக்கா யாரிடமோ கைமாற்று வாங்கி அனுப்பி அடைத்தாள். அதை இன்னும் அவளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், மாதம் 300.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். 2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், இன்றைக்கும் ஒரு ரூபாய். பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, ராத்திரி இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3. காலையில் ஆறு இட்லி, மதியம் ஒரு சாம்பார் ஒரு தயிர், ராத்திரி நாலு சப்பாத்தி: 6, 8, 6, மொத்தம் 20. மாதம் 600. மெஸ் கார்டில் பொங்கலுக்குத் தொலைத்ததை விடக் குறைவு!

இட்லிதான் இங்கே ராஜா. ஏழரை மணிக்குள் போய்விட்டால் வேகவைத்து எடுத்த சூடு அடங்காமல் தட்டில் விழும், மேலே கரண்டி நிறைய சாம்பாரை ஊற்றிவிடுவார்கள், தனிக் கிண்ணமெல்லாம் கிடையாது. ஊறவிட்டுச் சாப்பிடுகிற ஜாதி என்றால் சொர்க்கம், தொட்டுச் சாப்பிடுகிற ஜாதி என்றால் முதலிலேயே ஓரமாக ஊற்றச் சொல்லிவிடுங்கள். தயிர் சாதம் மே மாதத்தில் உயிர் காக்கும். சாம்பார் சாதம் எனக்குச் சுமாராகத்தான் பிடிக்கும், ஆனால் நான் சாம்பார் சாதத்தை எங்கேயுமே ரசித்தவனில்லை, அதனால் என் பேச்சை நம்ப வேண்டாம். சப்பாத்தி வாங்கியதும் சாப்பிட்டுவிட வேண்டும், போனை எடுத்தீர்கள் என்றால் அது வேறு பொருளாகிவிடும்.

பரிமாறுவது சுய உதவிக் குழுப் பெண்கள். டோக்கனைக் கொடுத்துவிட்டு, உயரமான மேசையில் நின்றபடி சாப்பிட வேண்டியதுதான். ஆட்டோக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுக் கண் சிவந்து நிற்கிறவர்கள். எனக்கு முதல் பத்து நாள் கழுத்து ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. ஒரு நாள் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ரெப், இஸ்திரி போட்ட சட்டை, காலுக்கு நடுவில் அந்தப் பெரிய தோல் பை, டையைத் தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு எட்டு இட்லியை மூன்றே நிமிடத்தில் முடித்து, கையைக் கழுவி, டையை முன்னால் இழுத்து நேராக்கிக்கொண்டு கிளம்பினார். யாரையும் பார்க்கவில்லை, யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை. அதற்கப்புறம் நான் ஐடி கார்டைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை.

குறை? பார்சல் கிடையாது, இது விதி, குறைந்த விலைக்கு வாங்கி வெளியே விற்றுவிடக்கூடாது என்பதற்காக. நியாயம்தான், ஆனால் காய்ச்சலில் படுத்திருக்கும்போது ரூம்மேட்டிடம் வாங்கி வரச் சொல்ல முடியாது. மெனு சின்னது, மூன்றாம் வாரத்தில் நாக்கு கேள்வி கேட்கும். முட்டை கிடையாது. மூன்று வேளையும் அரிசி, கோதுமை என்றே ஓட்டினால் பன்னிரண்டு மணி கிளாஸில் தூக்கம் சொக்கும். அதற்கு என் வழி: தினம் இரண்டு முட்டை, எலக்ட்ரிக் கெட்டிலில் அவித்து (மேன்ஷன் மேனேஜர் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்), ஒரு வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை. இதெல்லாம் சேர்த்தும் மாதம் 750-க்குள் வருகிறது. ஆக சாப்பாட்டுக்கு மொத்தம் 1350. ஞாயிறுதோறும் ஒரு பிரியாணிக்கு 150 ஒதுக்கியும், அக்காவுக்கு 300 அனுப்பியும், ரீசார்ஜுக்கும் ஜெராக்ஸுக்கும் சோப்புக்கும் சேர்த்து 900 சொச்சம் கையில் நிற்கிறது. பஸ்ஸுக்கு மாணவர் பாஸ் இருப்பதால் அதில் செலவில்லை. புத்தகம் பாரதி சாலை பிளாட்பாரத்தில் பழையது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கள் மேன்ஷன் பையன்கள் பெரும்பாலும் இருபதாம் தேதிக்கு மேல்தான் இந்தப் பக்கம் வருவார்கள். முதல் வாரம் பரோட்டா சால்னா, இரண்டாம் வாரம் மெஸ், மூன்றாம் வாரம் டீ பன், அப்புறம் இங்கே. நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்குள் யாரிடமாவது ஐந்நூறு கடன் வாங்கியிருப்போம், அடுத்த மாதப் பணம் வந்ததும் முதலில் அதற்குப் போகும், மறுபடி இருபதாம் தேதி பதினெட்டாம் தேதியாகும். ஒன்றாம் தேதியிலிருந்தே இங்கே சாப்பிட ஆரம்பித்த மாதம்தான் எனக்கு முதன்முதலாக மாதக் கடைசி என்று ஒன்று வராமல் போனது. பர்ஸில் பணம் இருக்கும்போது ஒரு ரூபாய் இட்லிக்கு நடப்பது கொஞ்சம் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். மெஸ் வாசலில் வத்தக்குழம்பு வாசனை வரும்போது ரொம்பவே கஷ்டம்.

2015 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இங்கே இலவசமாகவே போட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2024 ஜூலையில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் தேனாம்பேட்டைக் கிளையைப் பார்த்துவிட்டு, புதுப் பாத்திரங்களுக்கும் கட்டடம் புதுப்பிக்கவுமாக 21 கோடி ரூபாய் அறிவித்தார். ஆட்சி மாறியும் இட்லி விலை மாறவில்லை, எனக்கு அது போதும்.

போகிறவர்களுக்கு: காலை ஒன்பதரைக்கு மேல் போய்ப் பொங்கல் எங்கே என்று கேட்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கு வரிசை நீளும், பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி ஆறு இட்லி கேட்டால் டோக்கன் கொடுக்கிற அக்கா பார்க்கிற பார்வைக்கு நான் பொறுப்பில்லை.