‘தீர்வு காணப்பட்டது’: யார் கண்டது?

அக்கா மகன் போன வாரம் வந்திருந்தபோது கேட்டான்: “மாமா, நீங்கள் ஓயாமல் எழுதிப் போடுகிறீர்களே, அந்தப் பத்து ரூபாய் தகவல் உரிமை மனு, அதனால் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? எங்கள் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை.” சட்டென்று பதில் வரவில்லை. பதினான்கு வருடம் ஒரு பொருளை வைத்துப் புழங்குகிறவனிடம் ‘வாங்கலாமா’ என்று கேட்டால் ஒன்று தலையாட்ட வேண்டும், இல்லையென்றால் திட்ட வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் என்ன என்று இங்கே பாடம் நடத்தப் போவதில்லை. 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் இருக்கிறது, முப்பது நாளில் பதில் தர வேண்டும், எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது, தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது ஒரே ஒரு மாநகராட்சியின் ஒரே ஒரு மண்டல அலுவலகத்தோடு 2011 முதல் பழகிய கதை. என் நோட்டுக் கணக்குப்படி இதுவரை 46 மனுக்கள். மனு எண், அனுப்பிய தேதி, ஒப்புகை அட்டை திரும்பி வந்த தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. (பதிவுத் தபாலை 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். அந்த ஒப்புகை அட்டையில் அலுவலக முத்திரை சாய்ந்து விழுந்திருக்கும் அழகுக்கு ஈடாக இன்னும் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.)

எரிச்சலில் இருந்தே தொடங்குகிறேன். கைவசம் அதிகம் இருப்பது அதுதான்.

எங்கள் தெரு மழைநீர் வடிகாலின் மேல் அங்கங்கே சிலாப் இல்லை. மழை நாளில் தண்ணீர் தெருவோடு ஒன்றாகிவிட்டால் எது சாலை, எது குழி என்று தெரியாது. பால்காரர் ஒருமுறை சைக்கிளோடு உள்ளே இறங்கினார். மாநகராட்சியின் செயலியில் புகார் பதிந்தேன். பதிந்த நொடியில் எண் வந்துவிட்டது. மூன்றாம் நாள் குறுஞ்செய்தி: ‘தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.’ செய்தி வந்த கையோடு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வாய்க்கால் வாயைத் திறந்தபடியே கிடந்தது.

மறுபடி பதிந்தேன். மறுபடி காணப்பட்டது. இப்படி நான்கு முறை. ஐந்தாம் முறை ஆதாரமாக ஒரு புகைப்படமும் சேர்த்திருந்தார்கள். சிலாப் பளிச்சென்று இருந்தது. பின்னால் ஒரு நீல நிற இரும்புக் கேட்டும் இருந்தது. எங்கள் தெருவில் நீலக் கேட்டே கிடையாது.

இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குத் தீராத வழக்கு. ‘தீர்வு கண்டோம்’ என்று எழுதினால் ‘யார் அந்த நாம்’ என்று கேட்கலாம். ‘தீர்வு கண்டேன்’ என்றால் பெயரே வந்துவிடும். ‘காணப்பட்டது’ என்றால் ஆளே இல்லை. வானத்தில் வால்நட்சத்திரம் காணப்பட்டது என்பதுபோலத் தீர்வும் எங்கோ காணப்பட்டிருக்கிறது. எங்கே, எவர் கண்ணுக்கு என்பது யாருக்குத் தெரியும்? செயப்பாட்டு வினையைக் கண்டுபிடித்தவர் எந்தக் காலத்திலோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு பழக்கம் வந்தது. புகார் ‘காணப்படும்’ ஒவ்வொரு முறையும் ஒரு மனு: இந்த எண்ணுள்ள புகாரை முடித்துவைத்த அலுவலரின் பெயர், பதவி, அவர் கள ஆய்வு செய்த தேதி, ஆய்வுக் குறிப்பின் நகல். முதல் மூன்று பதில்களும் ஒரே அச்சு: ‘மனுதாரர் கோரும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.’ பாருங்கள், இங்கேயும் ஆள் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலுவலகத்தின் எழுத்தர் ஒருவரோடு தேநீர் குடிக்கும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் சொன்னார்: “நிலுவை காட்டும் பலகையில் எங்கள் வார்டு சிவப்பில் இருந்தால் காலைக் கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்கிறார்கள், சார். சிலாப் போட நிதி வர ஆறு மாதம் ஆகும். புகாரை முடிக்க மூன்று நாள்தான் கெடு. நாங்கள் என்ன செய்வது?” கெடுவை வைத்தவர் சிலாப்புக்கு வைக்கவில்லை, புகாருக்கு வைத்தார். அப்படியானால் புகார்தானே முடியும்? அன்றைக்கு என் கோபம் பாதி வடிந்தது. மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

சட்டத்தைப் பழகப் பழகச் சில சூட்சுமங்கள் பிடிபட்டன. ‘ஏன்’ என்று கேட்கவே கூடாது. ‘ஏன் சிலாப் போடவில்லை’ என்றால் ‘விளக்கம் தகவல் ஆகாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அதில் அவர்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. பதிவேட்டில் இருப்பதைத் தந்தால் போதும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லிவிட்டது. ஆகவே கேள்வியை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கேட்க வேண்டும்: மதிப்பீடு, பணி ஆணை, பட்டியல் (பில்), செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். இன்னொன்று, கெடு தவறிப் பதில் தந்தால் நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 7(6) பிரிவு. முப்பத்து நான்காம் நாள் ‘பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 58 ரூபாய் செலுத்தவும்’ என்று கடிதம் வந்தபோது அந்த ஒரு வரியை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். 29 பக்கமும் இலவசமாக வந்தது. 58 ரூபாய் பெரிய தொகையில்லை. ஆனால் அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

4(1)(ஆ) பிரிவின்படி யாரும் கேட்காமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைப் பற்றி நீட்டி எழுதுவதில் பயனில்லை. எங்கள் மாநகராட்சியின் பக்கத்தில் அப்படி ஒரு கோப்பு இருக்கிறது. அதில் உள்ள, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலர் ஓய்வு பெற்று, அவர் பேத்திக்குக் காது குத்தும் ஆகிவிட்டது.

இப்போது மகிழ்ச்சிக்கு வருகிறேன். அது வசையாக வந்து வரமாக மாறியது. வடிகால் பணியின் ஆவணங்களைக் கேட்டிருந்த மனுவுக்கு, ‘ஆவணங்கள் அதிக எண்ணிக்கையில் உள்ளதால் மனுதாரர் அலுவலக வேலை நேரத்தில் நேரில் பார்வையிட்டுக்கொள்ளலாம்’ என்று பதில். வர மாட்டான் என்ற நம்பிக்கையில் எழுதியது என்று வாக்கியத்திலேயே தெரிந்தது. நான் போனேன். ஆவணத்தைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், பணியில் போட்ட பொருளின் மாதிரியைக்கூடக் கேட்டு வாங்கலாம் என்று 2(ஒ) பிரிவு சொல்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

உட்கார ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். மேசை கிடைக்கவில்லை. பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கோப்புக் கட்டை வைத்தார்கள். எழுத்தர் நாடாவை அவிழ்த்ததும் தூசி கிளம்பியது. மதிப்பீடு, ஒப்பந்தப் புள்ளி, கடிதம், நினைவூட்டல், அதற்கு நினைவூட்டல். எல்லாவற்றுக்கும் அடியில் துணி முதுகு ஒட்டிய நீளமான புத்தகம். எம்-புக் என்று அங்கே எல்லோரும் சொல்கிற அளவுப் புத்தகம். பக்க எண் முன்கூட்டியே அச்சடித்திருந்தது, ஆகவே ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. குறுக்கே கோடிட்டுச் சுருக்கொப்பம் போட வேண்டும். அப்படி இரண்டு கோடுகளும் இருந்தன.

எங்கள் தெருவின் பெயர் நீல மையில். வடிகாலின் நீளம் 182.40 மீட்டர். மூடு சிலாப், ஒவ்வொன்றும் 0.60 மீட்டர், எண்ணிக்கை 304. பக்கத்தில் அளந்தவர் பெயர், பதவி, தேதி, கையெழுத்து. அதன் கீழே பச்சை மையில் சரிபார்த்தவர் கையெழுத்து. நான்கு வருடமாக நான் தேடிய ‘யார்’ அந்தப் பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய அலுவலகத்தில் செய்வினையில் எழுதிய ஒரே புத்தகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஐம்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். மூன்று பக்க நகலுக்கு ஆறு ரூபாய்.

மறுநாள் காலையில் தெருவை எண்ணினேன். வீட்டில் நடைப்பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள். கிழக்கிலிருந்து ஒரு முறை, மேற்கிலிருந்து ஒரு முறை, சந்தேகத்துக்கு இன்னொரு முறை. 271. புத்தகத்துக்கும் தெருவுக்கும் 33 சிலாப் வித்தியாசம். பெயர், பக்க எண், எண்ணிக்கை மூன்றையும் வைத்து ஆணையருக்கு ஒரு கடிதம். பத்தாம் நாள் உதவிப் பொறியாளரே டேப்போடு வந்து நின்றார். சின்ன வயது. அளந்தவர் அவரில்லை, அவருக்கு முன்பிருந்தவர். இருந்தாலும் வெயிலில் முகம் சுளிக்காமல் என்னோடு எண்ணினார். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் நின்றார். ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகக் கேட்டுக்குக் கீழே சரித்துப் போட்டிருந்த கல்லைக் காலால் தட்டி, “இதையும் சேர்த்து எண்ணினீர்களா, சார்?” என்றார்.

அது சிலாப்தான். 0.60 மீட்டர். வீடு வாங்கியபோதே அங்கே இருந்தது என்பது என் தரப்பு. அவர் வாதாடவில்லை. குறிப்பில் 272 என்று எழுதிக்கொண்டார். இரண்டு ஆள் வந்து அதைத் தூக்கி வடிகாலின் மேல் வைத்தபோது எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொல்லையில் துணி துவைக்கும் கல் எது என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் 20 புதிய சிலாப் வந்தன. நன்றாகவே போட்டார்கள். மீதி 12. குறுஞ்செய்தியும் தவறாமல் வந்தது: ‘தீர்வு காணப்பட்டது.’

இதோடு முடித்திருந்தால் என் அக்கா மகனிடம் ‘தாராளமாகப் போடு’ என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் புதிய 20 சிலாப்களின் அளவுப் பக்க நகல் தபாலில் வந்தது. பிரித்தால் எண்ணிக்கை இருக்கிறது, நீளம் இருக்கிறது, தொகை இருக்கிறது. அளந்தவர், சரிபார்த்தவர் பெயர்களின் மேல் பட்டையாகக் கறுப்பு மை. காரணம்: 8(1)(ஒ), தனிப்பட்ட தகவல்.

அந்தப் பிரிவு முன்பும் இருந்தது. ஆனால் முன்பு அதற்குள்ளேயே ஒரு கதவும் இருந்தது. பொதுப் பணியோடு தொடர்பு இல்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தகவலைத்தான் மறுக்கலாம், அதையும் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று இருந்தது. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரிகளை எடுத்துவிட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்பதை மட்டும் நிறுத்திவைத்தது. பொதுநலனுக்காகத் தரலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் பொதுநலன் எது என்று முடிவு செய்பவர், மை பாட்டிலைக் கையில் வைத்திருப்பவர்தான். பொதுப் பணத்தில் போட்ட சிலாப்பை அளந்தவரின் பெயர் எந்த வகையில் அவருடைய அந்தரங்கம்? அவர் வீட்டுக் குளியலறையையா அளந்தார்?

இந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது என்று நினைத்தால் இன்னும் கசக்கிறது. 1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பினர் வேலைப் பதிவேட்டையும் பட்டியலையும் வாங்கி ஊர்க்கூட்டத்தில் பெயர் பெயராக உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி போயிருப்பது அப்படித்தான் வெளிவந்தது. மாநிலங்களில் முதலாவதாக 1997-இலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு. பெயரைப் படிக்கத்தானே இவ்வளவும்?

மேல்முறையீடு போட்டிருக்கிறேன். முப்பது நாள், நீட்டித்தால் நாற்பத்தைந்து. அதற்கும் அசையவில்லை என்றால் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. அங்கே நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அலுவலரின் சொந்தப் பையிலிருந்து அபராதம் விதிக்கலாம். என் அனுபவத்தில் இந்தச் சட்டத்தில் அவர்கள் உண்மையாகவே படித்திருக்கிற ஒரே பிரிவு அதுதான்.

ஆக, கேட்டவனுக்கு என்ன சொன்னேன்? வேண்டாம் என்றேன். விளக்குக்காக ஆரம்பிப்பாய், பிறகு கம்பத்தை எண்ணுவாய், பிறகு அடுத்த தெருக் கம்பத்தை எண்ணுவாய், ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்றேன். முகம் வாடிப் போனான். எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ராத்திரி எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் நான்கு ‘ஏன்’. நான்கையும் அடித்துவிட்டு, தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்த நகல், பழுது பதிவேட்டின் மூன்று மாதப் பக்கங்கள், பட்டியல் அனுமதித்தவரின் பெயர், பதவி என்று மாற்றி எழுதிவைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளட்டும். வில்லையை மட்டும் அவனே வாங்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் இருக்கிற இரண்டும் அந்த 12 சிலாப்புக்கு.