“சின்னப் பிள்ளைகூட ஏறலாம்” என்று சொல்லி என் தலையில் கட்டிய குதிரை

முதல் குதிரை வாங்கப்போகிறவர்கள், அதிலும் சவாரி கற்று ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது என்பவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் எல்லாம் கற்றுக்கொண்டேன்.

ஐந்து வயது, காயடித்த ஆண், நன்றாகப் பழக்கியது, சின்னப் பிள்ளைகூட ஏறலாம் என்று விளம்பரம் சொன்னது. போய் இறங்கினால் குதிரை சேணம் கட்டித் தயாராக நிற்கிறது. எனக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். சேணத்துக்கு அடியில் போடும் துணியின் ஓரத்தில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் நான் வருவதற்கு முன்பே யாரோ அதை நீளக் கயிற்றில் கட்டி வட்டம் வட்டமாக ஓடவிட்டுக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று புத்திக்கு எட்டவில்லை. தலை தொங்கிக்கிடந்தது, கண் பாதி மூடியிருந்தது, கீழுதடு தளர்ந்துபோயிருந்தது, ஆணுறுப்பும் உறைக்குள் போகாமல் வெளியே தொங்கியது. நிம்மதியாக இருக்கிறது போல என்று நினைத்தேன்! தடவிக்கொடுத்தேன், அசையவே இல்லை. “பாத்தீங்களா அண்ணே, எவ்வளவு சாது” என்றார் விற்றவர். ஏறினேன், பத்து நிமிடம் நடந்தது, மனசைப் பறிகொடுத்துவிட்டேன்.

கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குகிறேன் என்று சொல்லிப் பார்க்காமல் இல்லை. “தாராளமா காட்டுங்க, ஆனா நாளைக்குக் காலையில இன்னொருத்தர் பணத்தோட வர்றார்” என்றார். அந்த இன்னொருத்தர் எல்லா வியாபாரத்திலும் இருக்கிறார், ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. பயந்துபோய் அன்றைக்கே முழுப்பணத்தையும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அதுவே வேறு குதிரை மாதிரி ஆகிவிட்டது. பின்னங்காலைத் தொட்டாலே உதை. சேணத்தின் வயிற்று வாரை ஒரு துளை இறுக்கியதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றது. அதுதான் எச்சரிக்கை என்று தெரியாமல் ஏறுவதற்கு அங்கவடியில் கால் வைத்தேன். தூக்கி எறிந்தது, மணிக்கட்டு முறிந்தது. விற்றவரைக் கூப்பிட்டால், “நல்ல குதிரையைக் கெடுத்துட்டீங்களே” என்று என்னையே திட்டுகிறார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், இங்கே குழி பறித்தது குதிரை இல்லை.

அப்புறம்தான் மருத்துவர் வந்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார், அரை நிமிடம் ஆகியிருக்காது. மேலே நடுவில் இரண்டு, கீழே நடுவில் இரண்டு மட்டும் பெரிய பல், பக்கத்தில் இருந்தவை எல்லாம் சின்னதாக, வெள்ளையாக, பால் பல். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்தில் இருப்பது நாலரையிலும் விழுந்து முளைக்குமாம், ஐந்து வயதுக் குதிரைக்குப் பால் பல் ஒன்றுகூட இருக்காதாம். என்னுடையதற்கு மூன்று வயதே சந்தேகம். முதுகெலும்பு முழுசாக முதிர ஐந்தரை, ஆறு வயதாகும் என்றும் சொன்னார். அந்த முதுகில்தான் நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அடையாளச் சீட்டை எடுத்துப் பார்த்தோம், அதில் நெற்றியிலும் ஒரு பின்னங்காலிலும் வெள்ளை, எனக்கு வந்ததற்கு நெற்றியில் மட்டும். வேறு குதிரையின் காகிதம்.

வாங்கிய அன்றைக்குத் தலையும் உதடும் தொங்கிக்கிடந்ததைச் சொன்னதும், மயக்கம் தரும் மருந்து கொடுத்தால் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும் என்றார். ஆனால் நாளாகிவிட்டது, இனி நிரூபிக்க வழியில்லை. வாங்குவதற்கு முன் செய்யும் பரிசோதனையிலேயே ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தால் கையில் ஆதாரம் இருந்திருக்கும். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருந்தாலும் அதில் தெரியும்.

இளம் குதிரையே வாங்கக்கூடாதா என்றால், அப்படியில்லை. பல குதிரைகளைப் பழக்கிய கை, தினமும் ஒதுக்க நேரம், இரண்டு மூன்று வருடம் காத்திருக்கும் பொறுமை, இதெல்லாம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒரு காகிதம் பறந்தால் மிரளும் குட்டி, என்ன செய்வது என்று மேலே இருப்பவரைத்தான் கேட்கும், மேலே இருப்பவர் என்னைப்போல லகானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைவிட அதிகமாகப் பயந்தால் கதை முடிந்தது. விலை குறைவு என்று குட்டியை வாங்கி, பழக்குபவருக்கு மாதாமாதம் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் பத்து வயதுக் குதிரையே மலிவு.

எதை வாங்கப் போனாலும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். கொட்டடியிலிருந்து பிடிப்பது, தேய்ப்பது, நாலு குளம்பையும் தூக்குவது, சேணம் கட்டுவது எல்லாம் உங்கள் கண்முன் நடக்கட்டும், முதலில் விற்பவரே ஏறட்டும். அவர் “முதுகு வலிக்குது” என்றால் நீங்களும் ஏறாதீர்கள். மற்ற குதிரைகள் கண்ணில் படாத இடத்துக்குத் தனியாக ஓட்டிப்போகச் சொல்லுங்கள், கூட்டத்தை விட்டுப் பிரிந்தால்தான் நிஜ சுபாவம் வெளிவரும். சொல்லாமல் இன்னொரு நாளும் போங்கள். மருத்துவர் நீங்கள் கூட்டிவந்தவராக இருக்கட்டும், விற்பவர் காட்டுகிற ஆள் வேண்டாம்.

பணம் திரும்பவில்லை. குதிரை என்னிடம்தான் இருக்கிறது, அது என்ன பாவம் செய்தது? யாரும் மேலே ஏறுவதில்லை, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதோடு சரி. நேற்றுதான் முதல்முறையாக உதைக்காமல் பின்னங்காலைத் தூக்க விட்டது, குளம்பில் ஒட்டியிருந்த மண்ணில் பாதியைச் சுரண்டுவதற்குள் பிடுங்கிக்கொண்டது.