அப்பாஸ்ட்ரஃபி போடலாமா, வேண்டாமா: பல வருடங்களாக நான் கேட்கும் ஒரே கேள்வி

ஆங்கிலத்தில் எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதும் என் அன்றாட வேலை. எழுத்துகளுக்கு மேலே காற்புள்ளி போலத் தொங்கும் அப்பாஸ்ட்ரஃபி குறிக்கு (’) இலக்கணப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விதி சொல்கின்றன. இத்தனை வருடமும் எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: இங்கே ஏதாவது எழுத்து விடுபட்டிருக்கிறதா?

‘டோன்ட்’ என்பதில் ‘நாட்’டின் ஓ விடுபட்டிருக்கிறது, அந்த இடத்தில்தான் குறி. ‘இட்ஸ்’ வந்தால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ என்று விரித்து வாசித்துப் பார்ப்பேன். ‘தி கம்பெனி சேஞ்ச்டு இட் இஸ் பாலிசி’ என்றால் காதே ஒத்துக்கொள்ளாது. அங்கே குறி கிடையாது. ‘யுவர்’ வந்தால் ‘யு ஆர்’, ‘ஹூஸ்’ வந்தால் ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹேஸ்’ என்று விரித்துப் பார்க்கும் இதே சோதனை போதும். ஸ்பெல் செக்கரை நம்பி இதை விட்டுவிடாதீர்கள். குறியோடும் குறியில்லாமலும் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல சமயம் கண்டுகொள்ளாது. போனில் ஆட்டோகரெக்ட் சரியாக அடித்ததையே மாற்றிவைக்கும்.

உடைமையைச் சொல்லும் குறிக்கும் வேர் இதுதான். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் உடைமைக்கு ‘இஎஸ்’ என்று முடிந்தன; பின்னாளில் அந்த ‘இ’ விடுபட்ட இடத்தில் குறி வந்து உட்கார்ந்தது. எழுதும்போது நான் செய்வது இவ்வளவுதான்: உடைமையாளர் யாரோ அந்தச் சொல்லை முதலில் முழுதாக எழுதி, அதன் முடிவில் குறி வைப்பேன். ஒரு பையன் என்றால் எஸ்ஸுக்கு முன்னால், பல பையன்கள் என்றால் எஸ்ஸுக்குப் பின்னால். ‘சில்ட்ரன்’ பன்மைதான் என்றாலும் எஸ்ஸில் முடியாததால் குறி வைத்த பிறகே எஸ்.

வெறும் பன்மைக்குக் குறியே வேண்டாம். 1990கள் என்று எழுதும்போதும் அப்படித்தான். 19ஐ விட்டுவிட்டு 90கள் என்று சுருக்கினால் மட்டும் முன்னால் குறி வரும். மைக்ரோசாஃப்ட் வேர்டு அதை மேற்கோளின் தொடக்கக் குறியாகத் திருப்பிவிடும் என்பதால் இரண்டு முறை தட்டிவிட்டு முதலாவதை அழித்துவிடுவேன்.

இந்தக் கேள்வி கைவிடும் இடம் பெயர்கள். ‘ஜேம்ஸ்’ போன்ற பெயருக்குப் பின் குறி மட்டும் போதும் என்கிறது ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு; இன்னொரு எஸ்ஸும் வேண்டும் என்கிறது புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு. எது கேட்கப்படுகிறதோ அதைக் கடைசிவரை மாற்றாமல் பின்பற்றுகிறேன். ஊர்ப்பெயர்களில் தர்க்கமே செல்லாது. லண்டன் ரயில் நிலையங்களில் ‘எர்ல்ஸ் கோர்ட்’டுக்குக் குறி உண்டு, பக்கத்திலேயே இருக்கும் ‘பேரன்ஸ் கோர்ட்’டுக்குக் கிடையாது. அமெரிக்காவில் 1890இல் அமைந்த புவியியல் பெயர்கள் வாரியம் உடைமைக் குறியைத் தவிர்க்கவே பார்க்கிறது. ‘மார்த்தாஸ் வின்யார்ட்’ போன்ற மிகச் சில பெயர்களுக்குத்தான் விலக்கு. அதனால் இடப்பெயர் வந்தால் யோசிப்பதில்லை, அதிகாரப்பூர்வமாக எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதிவிடுகிறேன்.