ஐந்து ஆண்டுத் தியானம்: யாரும் சொல்லாத ஒரு பக்கவிளைவு

"உண்மையைச் சொல்லுங்கள் சார், தியானத்தால் அலுவலகத்தில் ஏதாவது பலன் உண்டா?" என்று உடன் பணிபுரியும் இளைஞர் சென்ற வாரம் கேட்டார். ஐந்து ஆண்டுகளாகக் காலையில் இருபது நிமிடம் மூச்சைக் கவனித்து உட்காருபவன் என்றாலும், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கண்ணைத் திறந்து எழுந்ததும், அன்று மதியத்துக்குள் தர வேண்டிய அறிக்கைகூட வேறு யாருடைய வேலையோ என்பதுபோலத் தோன்றும். சோம்பல் என்று எண்ணி முதல் இரண்டு ஆண்டுகள் என்னையே நொந்துகொண்டேன். ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக், கேத்லீன் வோஸ் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. தியானம் முடித்த கையோடு ஒரு வேலையைக் கொடுத்தால் அதைச் செய்யும் ஆர்வம் குறைகிறது, ஆனால் வேலையின் தரம் குறைவதில்லை என்பது அவர்களின் முடிவு. என் கதையும் அதுவே: அறிக்கை நேரத்துக்குப் போய்விடுகிறது, பிழைகளும் கூடவில்லை, தொடங்குவதற்குத்தான் மனம் எழுவதில்லை. ஊழியர்களை வரிசையாக உட்காரவைத்து, உற்பத்தித்திறன் பெருகும் என்று உறுதியளிக்கும் பயிற்சியாளர் எவரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நிறுவனங்கள் இன்று பெரிதும் பின்பற்றும் 8 வாரப் பயிற்சியை 1979இல் ஜான் கபட்-ஜின் தொடங்கியது, நாள்பட்ட வலியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்காகவே அன்றி, காலாண்டு இலக்குக்காக அன்று.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் உள்ளடக்கி 2014இல் வந்த மதிப்பாய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதாகச் சொன்னது. தூக்கமும் கவனமும் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று அதில் கிடைக்கவில்லை. என் இரத்த அழுத்த மாத்திரை அப்படியே தொடர்கிறது.

ஆனாலும் நான் எதிர்பாராத ஒரு நன்மையை மறைப்பது நியாயமாகாது. ஒருமுறை, "இதை ஏற்கெனவே மூன்று முறை அனுப்பியுள்ளேன்" என்று மின்னஞ்சலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தபோது, கீழ்த்தாடை இறுகி, பல்லோடு பல் அழுந்தியிருப்பதை உணர்ந்தேன். தாடையைத் தளர்த்தினேன், அந்த வரியை அழித்துவிட்டு, கேட்ட கோப்பை மட்டும் நான்காம் முறையாக அனுப்பினேன். தாடை அத்தனை ஆண்டுகளும் அப்படித்தான் இறுகியிருக்க வேண்டும். அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எழுதி, அனுப்பாமல் அழித்த பதில்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் குறைந்தது இரண்டு என் வேலைக்கே உலை வைத்திருக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அலுவலகத்துக்காக என்றால் வேண்டாம், தம்பி" என்றே அவரிடம் முடித்தேன். நான் மட்டும் காலை அமர்வை வேலை முடிந்த பிறகு என்று மாற்றி முயன்றுவருகிறேன்; நான்கு மாலைகளில் மூன்றில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.