ஸ்காட்லாந்து மெட்டுகளுக்கு எந்தக் குழல்: கீ இல்லாததா, கீ வைத்ததா, வெள்ளியா?

ஸ்காட்லாந்தின் பாரம்பரிய இசையை மரப் புல்லாங்குழலில் வாசிக்க ஆசைப்படுபவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் அயர்லாந்து இசையை மனதில் வைத்துச் சொல்லப்படுவது: ஆறு துளை, டி ஸ்கேல், கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்பு) எதுவும் வேண்டாம். அயர்லாந்துக்கு அது பொருந்தும். ஸ்காட்லாந்துக்குப் பாதிதான் பொருந்தும். அங்கே மெட்டுகளில் ஒரு பெரும்பகுதி பேக்பைப்பிலிருந்து (காற்றுப் பையை அழுத்தி வாசிக்கும் கருவி) வந்தது, இன்னொரு பெரும்பகுதி ஃபிடிலிலிருந்து, அதாவது வயலினிலிருந்து வந்தது. இரண்டும் குழலிடம் கேட்பது வேறு வேறு. எந்தப் பக்கம் உங்கள் மனம் போகிறது என்று தெரியாமல் குழலைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பைப் மெட்டுகளை முதலில் பார்ப்போம். ஹைலேண்ட் பேக்பைப்பில் இருப்பது ஒன்பதே ஸ்வரங்கள். கீழ் ஜி தொடங்கி மேல் ஏ வரை; எழுதும்போது சி-யும் எஃப்-பும் ஷார்ப் (அரை ஸ்வரம் கூடியது), ஜி சாதாரணம். டி குழலில் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே போனால் வருவதும் இதே ஸ்வரங்கள்தான். ஆகவே மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல், ஜிக் என்ற அணிவகுப்பு, நடன வகைகளில் பைப்பர்கள் வாசிக்கும் எந்த மெட்டும் கீ இல்லாத குழலில் அப்படியே உட்கார்ந்துவிடும். அரைத் துளை மூட வேண்டிய வேலையே இல்லை.

அலங்காரங்களும் அப்படியே வருகின்றன. பைப்பில் காற்று நிற்காது. ஒரே ஸ்வரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்க வைக்க வேண்டுமானால் நடுவில் இன்னொரு ஸ்வரத்தைத் தெறிக்கவிட்டுத்தான் பிரிக்க முடியும். 'பர்ல்' என்ற அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் ஏ ஒலிக்கும்போது பைப்பர் சுண்டுவிரலால் துளையை இருமுறை தொட்டு விலகுவார். ஏ-ஜி-ஏ-ஜி-ஏ என்று கண் இமைக்கும் நேரத்தில் கேட்கும். டி குழலில் ஏ என்பது இடது கையின் முதல் இரண்டு விரல்கள். மோதிர விரலால் மூன்றாவது துளையை இருமுறை தட்டினால் அதே ஐந்து ஒலிகள், அதே வரிசையில் கிடைக்கும். நாக்கைப் பயன்படுத்தவே தேவையில்லை. க்ளென்யூயிக்கைச் சேர்ந்த ஈயன் மெக்டொனால்ட் பைப்பும் குழலும் வாசிப்பவர். இரண்டு கருவிகளுக்கும் இடையே உள்ள உறவு அவர் வாசிப்பைக் கேட்டாலே புரியும்.

ஒரு கஷ்டம் உண்டு. பைப் மெட்டுகள் ஏ-யைச் சுற்றி நடப்பதால் சி ஷார்ப்பிலிருந்து மேல் டி-க்கு ஓயாமல் தாண்ட வேண்டியிருக்கும். சி ஷார்ப்பில் ஆறு துளைகளும் திறந்திருக்கும். அடுத்த நொடி இடது ஆள்காட்டி விரலைத் தவிர மற்ற ஐந்தும் ஒன்றாக விழ வேண்டும். குழலைத் தாடை, இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி, வலது கட்டைவிரல் ஆகிய மூன்றில் நிறுத்தப் பழகாதவருக்கு இந்த இடத்தில் குழல் உருளும். ரீல் வேகத்தில் அது நேராகக் காதுக்குத் தெரியும்.

இனி ஃபிடில். நீல் கவ் (1727–1807), வில்லியம் மார்ஷல் (1748–1833), ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர் (1843–1927) ஆகிய ஃபிடில் கலைஞர்களின் மெட்டுகளைத் தேடிப் போகிறவருக்குக் கீ இல்லாத குழல் சீக்கிரமே போதாமல் போகும். சாதாரண ஏ மேஜருக்கே ஜி ஷார்ப் வேண்டும். மார்ஷலும் ஸ்கின்னரும் பி ஃப்ளாட் (அரை ஸ்வரம் குறைந்த பி) போன்ற ஸ்கேல்களில் தயங்காமல் எழுதியவர்கள். மெதுவான மெட்டில் அரைத் துளை மூடிச் சமாளிக்கலாம். கர்நாடகப் புல்லாங்குழல் பழகிய கை இருந்தால் இது இன்னும் சுலபம். ஆனால் வேகமான ரீலில் நான்கு முறை ஜி ஷார்ப் வந்தால் ஒன்றாவது மங்கிப்போகும். அதற்கென்றே இடது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கீ இருக்கும்போது போராட வேண்டியதில்லை.

கீ வைத்த குழலில் ஆறு, எட்டு என்று இரண்டு வகை. ஆறு கீ குழலில் ஈ ஃப்ளாட், ஜி ஷார்ப், பி ஃப்ளாட், சி, எஃப்-புக்கு இரண்டு. எட்டு கீ குழலில் கூடுதலாகக் கிடைப்பது கீழ் சி ஷார்ப்பும் கீழ் சி-யும்தான். ஃபிடிலின் தாழ்ந்த தந்தி ஜி வரை இறங்குகிறது. கீழ் சி வந்தாலும் அந்த ஜி, ஏ, பி எதுவும் குழலுக்கு எட்டாது. அந்த வரிகளை மேல் ஸ்தாயிக்குத் தூக்கித்தான் ஆக வேண்டும். அதனால் இந்த இசைக்கு மட்டும் என்றால் ஆறு கீ போதும் என்பேன். விலையும் சும்மா இல்லை. ஒவ்வொரு கீயும் கையால் செய்யப்படுவதால், கீ இல்லாத குழலைவிடப் பல மடங்கு ஆகும். நல்ல தயாரிப்பாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரலாம்.

வெள்ளிக் குழலுக்கு வருவோம். தியோபால்ட் போம் 1832-இல் ஒரு வடிவமும், 1847-இல் உருளைத் துவாரம் கொண்ட இன்னொரு வடிவமும் கொண்டுவந்தார். இன்றைய இசைக்குழுக் குழல் அந்த இரண்டாவதன் வழிவந்தது. எல்லா ஸ்கேலும் ஒரே சீராக வரும், மேல் ஸ்தாயி சுத்தமாக இருக்கும். ஸ்கின்னரின் மெட்டுகளை எழுதியபடியே வாசிக்க இதைவிட வசதியான குழல் இல்லை. ஆனால் பைப் மெட்டை எடுத்தவுடன் சிக்கல் தெரியும். மரக்குழலில் ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்குப் போக ஒரு விரலைத் தூக்கினால் போதும். வெள்ளிக் குழலில் வலது கையின் இரண்டு விரல்கள் எழும்போதே மோதிர விரல் இறங்க வேண்டும். பைப் மெட்டுகளில் அந்த அசைவு எங்கு பார்த்தாலும் வரும். துளைக்கும் விரலுக்கும் நடுவே கீ நிற்பதால், துளையை மெல்ல மெல்லத் திறந்து ஸ்வரத்தை வழுக்கவிடுவதும் குறைந்துபோகும். கையில் ஏற்கெனவே வெள்ளிக் குழல் இருப்பவர் அதிலேயே ஆரம்பிக்கலாம். இந்த இசைக்காகப் புதிதாக ஒன்றை வாங்க நான் சொல்லமாட்டேன்.

ஸ்ட்ராத்ஸ்பே விஷயத்தில் மரத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைக் கொண்ட இந்தத் தாளத்தின் உயிர், குட்டி ஸ்வரம் முதலில் அடியில் விழுந்து நீண்டது பின்னால் தொங்கும் அந்த வெட்டில் இருக்கிறது. ஃபிடில்காரர் அதை வில்லால் செய்வார். குழலில் வயிற்றிலிருந்து சின்ன உந்துதல் குட்டி ஸ்வரத்தின் மேல் விழ வேண்டும். கீழ்நோக்கிக் குறுகும் துவாரம் கொண்ட மரக்குழல் அந்த உந்துதலை வாங்கிக்கொண்டு கரகரப்பான விளிம்போடு திருப்பித் தருகிறது. கிராண்டவுன்-ஆன்-ஸ்பே ஊர்க்காரரான ஹேமிஷ் நேப்பியரின் மரக்குழல் வாசிப்பைக் கேளுங்கள். நான் சொல்ல வருவது அங்கே இருக்கிறது.

பழைய வழி ஒன்றும் உண்டு: 18-ஆம் நூற்றாண்டில் புழங்கிய ஒற்றைக் கீ கொண்ட பாக்ஸ்வுட் மரக்குழல். வில்லியம் மக்கிப்பன் 1742 முதல் வெளியிட்ட ஸ்காட் மெட்டுத் தொகுப்புகள் ஃபிடிலுக்கும் குழலுக்கும் சேர்த்தே அச்சானவை. ஜேம்ஸ் ஆஸ்வால்டின் பல பாகத் தொகுப்பும் அதே காலத்தது. குழல் வாசித்த ராணுவத் தளபதி ஜான் ரீட் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1839-இல் இசைப் பேராசிரியர் பதவி உருவானது. குழல் ஸ்காட்லாந்துக்கு நேற்று வந்த விருந்தாளி இல்லை. அந்த ஒற்றைக் கீ குழலின் மங்கலான எஃப்-பும் ஜி ஷார்ப்பும் மெதுவான மெட்டுகளுக்கு அவ்வளவு அழகு. பார்டர் பைப் என்ற இன்னொரு வகைப் பேக்பைப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் அது காதில் விழாது.

என்ன பொருளில் செய்தது என்பதில் நீண்ட யோசனை வேண்டாம். ஆப்பிரிக்கக் கருமரம் உறுதியானது, பாக்ஸ்வுட் ஈரத்தில் வளையக்கூடியது. டெல்ரின் பிளாஸ்டிக் வெடிக்காது, எண்ணெய் கேட்காது. முதல் குழலுக்கு டெல்ரினில் செய்த, கீ இல்லாத டி குழல் போதும். ஃபிடில் மெட்டுகள் இழுக்கத் தொடங்கியபின் ஆறு கீ மரக்குழலுக்குச் சொல்லி வைக்கலாம்.

பழைய லண்டன் குழல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. போம் குழல் பரவியபோது ரூடல் அண்ட் ரோஸ் போன்ற தயாரிப்பாளர்களின் எட்டு கீ குழல்கள் பழைய பொருள் கடைகளுக்கு வந்தன, பாரம்பரியக் கலைஞர்கள் கைக்குப் போயின. இன்றைய தயாரிப்பாளர்கள் பலர் அவற்றையே நகலெடுக்கிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் செய்தவற்றில் பல, ஏ ஸ்வரம் சுமார் 452 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிக்குச் செய்தவை. இன்றைய 440-க்கு இறக்கத் தலைப்பகுதியை வெகுதூரம் இழுத்தால் மற்ற ஸ்வரங்களுக்குள் உறவு கெட்டுவிடும். வாங்கும் முன் விற்பவரிடம் கீழ் டி, ஏ, சி ஷார்ப், மேல் டி நான்கையும் சுருதி மானிக்கு எதிரே வாசித்துப் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே உலோகக் குழாய் பதித்த தலைப்பகுதியில் மரம் சுருங்கி விரிசல் விட்டிருக்கிறதா என்று வாய்த்துளையை ஒட்டி எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள்.